எங்கன உக்காரப் போகுது?

வயரை இணைக்க இரண்டு பின் கனெக்டர் ஒன்று வேண்டும் என்று கேட்டால் அவள் உடனே கொடுக்க மாட்டாள். திரையை விட்டு முகத்தைத் திருப்பாமல், "எங்கன உக்காரப் போகுது?" என்பாள். எங்கே என்பதற்கு எங்கள் பக்கம் எங்கன. பதில் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. "விளக்குக்கு" என்றால் போதாது. எந்த விளக்கு, முன்னாலா பின்னாலா, தகரத்துக்கு உள்ளேயா வெளியேயா, மழை பெய்தால் தண்ணீர் படுமா, இன்ஜின் சூடு படுமா, டிரைவரின் கால் இடிக்குமா? எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை மவுஸுக்குப் போகும்.

நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேன், ஆம்புலன்ஸ், டிராக்டர் போன்ற வண்டிகளின் உடம்புக்குள் ஓடுகிற வயர்க் கற்றையைக் கணினியில் வரைந்து கொடுப்போம். எந்த வயர் எங்கே கிளம்பி எங்கே முடிகிறது, அதன் நுனியில் எந்தக் கனெக்டர், அதற்குள் மின்சாரம் கடத்த எந்த டெர்மினல், தண்ணீர் புகாமல் எந்த ரப்பர் சீல், போகிற வழியில் எங்கெங்கே கிளிப் என்று ஒவ்வொன்றையும் மென்பொருளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு லைப்ரரி என்று பெயர். லைப்ரரி அவள் பொறுப்பு.

ஆபீஸ் அல்லிநகரத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி ஏறும்போதே பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறும். சாரையும் சேர்த்து ஐந்து பேர். சார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான். நான் கோம்பை. அவள் கூடலூர். போடியிலிருந்து வந்த பையனை "போடி" என்று கூப்பிடுவார். அவன் முகம் சுருங்குவதைப் பார்த்து நாங்கள் இருவரும் திரைக்குப் பின்னால் குனிந்து சிரிப்போம்.

அவளும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவளுக்கு என்னிடம் ஒரு பொறுமையின்மை இருந்தது. நான் எதற்கும் "சரி சார்" என்பேன். சார் ஒரு நாளில் மூன்று முறை மாற்றிச் சொன்னால் மூன்று முறையும் "சரி சார்". அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கோம்பை நாயின்னா என்னா பேரு! திருடன் எட்டிப் பாக்க மாட்டான். நீயும் அந்த ஊருதான்னு சொல்ற. வாலை மட்டும் ஆட்டுற" என்பாள்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வராது. அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

நாங்கள் சேர்ந்தபோது லைப்ரரி குப்பையாகக் கிடந்தது. ஒரே கனெக்டர் நான்கு பெயரில் இருக்கும். ஒன்றின் பெயர் "புதுசு", அடுத்தது "புதுசு கடைசி", அதற்கடுத்தது "இதுதான் சரி". எது சரி என்று யாருக்கும் தெரியாது. தேடினால் அதிகம் பேர் எடுத்தது மேலே வந்து நிற்கும். எல்லோரும் அதையே எடுப்போம், அதனால் அதுவே இன்னும் மேலே வரும்.

"நேத்து எல்லாரும் எடுத்தாகன்னு இன்னைக்கும் அதையே எடுப்பியா? ரேஷன் கடை வரிசையா இது?" என்று போடியிடம் சண்டை போட்டாள்.

சார் அவளிடம் லைப்ரரியை ஒழுங்குபடுத்தச் சொன்னார். பின் எண்ணிக்கைப்படி, கம்பெனிப்படி அடுக்குவாள் என்று நினைத்திருப்பார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அங்கே இருந்த கோப்புறைகள் வேறு மாதிரி இருந்தன. தண்ணி படுற இடம். சூடு படுற இடம். ஆடுற இடம். கை படுற இடம். ஒரே இரண்டு பின் கனெக்டரில் சீல் உள்ளது ஒரு கோப்புறையில், சீல் இல்லாதது வேறொன்றில், பூட்டுநாக்கு தடித்தது மூன்றாவதில்.

சார் நெற்றியைத் தேய்த்தார். "என்னம்மா இது, குடித்தனம் வச்ச மாதிரி இருக்கு? ரெண்டு பின்னு, மூணு பின்னு, ஆறு பின்னுன்னு வரிசையா வச்சா என்னா?"

"ரெண்டு பின்னுன்னு எடுத்துட்டு அதைக் கொண்டுபோயி சக்கரத்துக்குப் பக்கத்துல வச்சா என்னா சார் ஆகும்?"

"அதைப் பாத்து வைக்க வேண்டியது வரையிறவங்க பொறுப்பு."

"அவங்க பாக்க மாட்டேங்கிறாகளே சார். அதான் எடுக்குறப்பவே கேக்குற மாதிரி வச்சிருக்கேன்."

இரண்டு மாதத்தில் தவறுகள் குறைந்துவிட்டன என்று அவரே ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பெருமை பேசியதை நான் கேட்டேன்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு பாகத்துக்கும் மென்பொருளில் ஒரு குறிப்புக் கட்டம் உண்டு. யாரும் எழுதாமல் காலியாகவே கிடக்கும். அதில் இரண்டு விஷயம் கட்டாயம் என்றாள். எங்கன உக்காருது. யாரு எடுத்தாக. "பொறகு ஒரு நாள் இவளைப் பிடி அவனைப் பிடின்னு அலைய வேண்டாம்ல" என்றாள்.

இவ்வளவு கறாராக எல்லாவற்றுக்கும் இடம் கேட்டவள் தான் மட்டும் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றி நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். மத்தியானம் ஜன்னல் பக்கம் நின்று டப்பாவைக் கையில் பிடித்தபடி சாப்பிடுவாள். கூடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் பாதி வழியில் எழுந்து யாருக்காவது கொடுத்துவிடுவாளாம். "உக்காந்தா எனக்கு ஒரு மாதிரி அரிக்குதுடி. இது நம்ம எடம் இல்லன்னு யாரோ பின்னால நின்னு சொல்ற மாதிரி இருக்கும்" என்றாள் ஒருமுறை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளுக்குக் கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். திராட்சைத் தோட்டம், சொந்த வீடு, பையன் படித்தவன். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இவர்கள் வீடு பார்க்கப் போனார்கள். வழக்கமாகப் பெண் போவதில்லை. இவள் நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அங்கே போய்க் கூடம், சமையலறை, மொட்டைமாடி எல்லாம் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்:

"அத்தை, நான் எங்கன உக்காருவேன்?"

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "உக்காரவாம்மா உன்னைய கூட்டிட்டு வர்றோம்?" என்றாராம்.

"இல்ல அத்தை, கம்ப்யூட்டர் வேலை. ஒரு மேசை வேணும். பிளக் எங்கன இருக்கு?"

பிளக் இருந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில். மாப்பிள்ளை நல்ல மாதிரியாக, பிறகு மாடியில் ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம் என்றானாம். "பொறகுன்னா எப்ப?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது. அவள் அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இதை அவள் ஜன்னல் பக்கம் நின்று எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். போடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அப்போது என் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நான் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இன்று சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முறை மடிக்கணினியைத் தூக்கி வைத்துவிட்டுத் தட்டு வைக்க வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அந்தக் கிரைண்டர் ஞாபகம் வரும்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று சாரிடம் கேட்டிருந்தேன். "பாக்கலாம். வேலை சுத்தமா இருந்தா பாக்கலாம்" என்றிருந்தார். அந்த வாரம் நான் ஒவ்வொரு வரைபடத்தையும் நான்கு முறை சரிபார்த்தேன்.

குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு பட்டறையில் பள்ளிக்கூட வேன்களுக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேன். அதற்கு வயர்க் கற்றை வரையும் வேலை எங்களுக்கு. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கீ கீ என்று கத்தும் பஸ்ஸர் ஒன்று வைக்க வேண்டும். கதவில் ஒரு சுவிட்ச், அதன் வயர் நுனியில் இரண்டு பின் கனெக்டர். பட்டறையிலிருந்து வந்த படத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெளிவாக இல்லை.

அவளுக்கு மலையாளம் தெரியும். அவர்களிடம் எப்போதும் அவள்தான் பேசுவாள். அன்று அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் லீவு. சார் வாசலில் நின்று, சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்றார். "சரி சார்" என்றேன். அவள் பொறுப்பேற்ற பிறகு லைப்ரரி திறப்பதற்கு அவள் கணினியில்தான் லைசென்ஸ் இருந்தது. அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் பெயரிலேயே திறந்து, பட்டறைக்குப் போன் செய்தேன். அவள் கேட்பதைப் போலவே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சேட்டா, அந்தக் கதவு சுவிட்ச்சுல கனெக்டர் இருக்குல்ல, அது எங்கன உக்காரும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது உள்ளிலேக்கு நோக்கி இருக்கும். நல்ல டைட்டாயிட்டு."

"உள்ளதானே?"

"ஆ, உள்ளிலேக்குத் தன்னே."

காகிதத்தில் "உள்ளே" என்று எழுதிக்கொண்டேன். கை படுற இடம் கோப்புறையைத் திறந்தேன். மேலே நின்றதை எடுத்தேன். சீல் இல்லாதது. வேனுக்கு உள்ளே எதற்குச் சீல்? குறிப்புக் கட்டத்தை அவள் வந்து நிரப்பிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். நான்கு முறை சரிபார்த்தேன். நான்கு முறையும் சரியாகவே இருந்தது. ஐந்து மணிக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் வந்தாள். அனுப்பி முடித்த கோப்பை யாரும் மறுபடி திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பட்டறையிலிருந்து சாருக்குப் போன் வந்தது. ஒரு வேனில் பஸ்ஸர் கத்தவே இல்லையாம். கதவு சரியாகச் சாத்தவில்லை, டிரைவருக்குத் தெரியவில்லை. வளைவில் கதவு திறந்துகொண்டு ஒரு பிள்ளையின் பை ரோட்டில் விழுந்துவிட்டது.

பை மட்டும்தான். அந்த இரண்டு வார்த்தையை இத்தனை வருடத்தில் எத்தனை முறை எனக்குள் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. பை மட்டும்தான். அந்தப் பை கதவோரம் இருந்தது. பைக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை இருந்தது.

கழற்றி எடுத்த கனெக்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் போய் டெர்மினல் பச்சை பிடித்துக் கிடந்தது. சார் போனை மேசைமேல் வைத்தார்.

"யாரு எடுத்தது இதை?"

போடி கோப்பின் பதிவைத் திறந்தான். அவள் பெயர் வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏழாம் மாதம். வாயைத் திறந்தால் அவ்வளவும் போய்விடும் என்று தோன்றியது. வேலை, வீட்டிலிருந்து பார்க்கிற ஏற்பாடு, என்மேல் அவர்களுக்கு இருந்த நல்ல எண்ணம் எல்லாம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நான் என்றும் சொல்லவில்லை, நான் இல்லை என்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்த வண்டி இப்ப எங்கன நிக்குது சார்?"

"பட்டறையிலதான்."

"இன்னொரு வண்டி?"

சார் விழித்தார். அதுவரை யாரும் இன்னொரு வண்டியை நினைக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில பிள்ளைகளை ஏத்திரும் சார். இன்னைக்கே மாத்தணும்" என்றாள். மாதிரிக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து சீல் உள்ள கனெக்டர்களைத் தேர்ந்து சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். பாதிப் படியில், "ஏ, நில்லு. அது நான்தான்" என்றேன்.

"தெரியும்டி. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல. என்னா கேட்ட அவருட்ட?"

"நீ கேக்குறதைத்தான் கேட்டேன். எங்கன உக்காரும்னு."

அவள் அப்படியே நின்றாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட ஆத்தா! மலையாளத்தாரிட்ட போயி 'எங்கன'ன்னா கேட்ட? அவங்களுக்கு 'எங்ஙனெ'ன்னா எப்படின்னு அர்த்தம்டி. எவிடேன்னு கேக்கணும்! எப்படி உக்காரும்னு நீ கேட்டுருக்க. உள்பக்கம் பாத்து உக்காரும்னு அவரு சொல்லிருக்காரு. அது இருக்குறது வெளியில, படிக்கு அடியில. முகம்தான் உள்பக்கம். ரெண்டு பேரும் சரியாத்தான்டி பேசிருக்கீக."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்ததோ என்று இன்றும் சந்தேகம்.

"நான் இப்பவே சார்ட்ட சொல்லிடுறேன்."

"சொல்லு, இல்லாட்டி சொல்லாம போ. நான் பஸ்ஸைப் பிடிக்கணும். வர்றதுக்குள்ள குறிப்பை எழுதி வச்சிரு. எங்கன உக்காருது, யாரு எடுத்தாக. ரெண்டும்."

மழையில் குமுளி பஸ் ஏறிப் போனாள். அந்த இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்து மாற்ற வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாளாம்.

நான் மேலே வந்து அந்தக் கட்டத்தைத் திறந்தேன். என் பெயரை அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன். சார் இரண்டு முறை பின்னால் நடந்து போனார். கடைசியில் எழுதியது இதுதான்: "கதவு சுவிட்ச். படிக்கு அடியில். தவறான கனெக்டர் தவறுதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மாற்றப்பட்டது."

மறுநாள் அவள் நின்றுகொண்டே அதைப் படித்தாள்.

"தேர்ந்தெடுக்கப்பட்டதா? யாரால? பேயா வந்து எடுத்துச்சு?"

போடி விவரம் தெரியாமல் சிரித்தான். அவள் என் பக்கம் குனிந்து மெதுவாக, "கோம்பை நாயி கடிக்கும்னு சொன்னாக. இது குரைக்கக்கூட மாட்டேங்குதே" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு பிரசவத்துக்குப் போய்விட்டேன்.

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. வேலையை விட்டுவிட்டு வெளியூர் போகிறாளாம். "லைப்ரரி உன்ட்டதான் வருது. வீட்டுலருந்தே பாத்துக்கலாம்னு சார் சொல்லிட்டாரு" என்றாள். பிறகு, "பிள்ளை எங்கன தூங்குது? காத்து படுற எடமா?" என்று கேட்டாள். போனை வைத்த பிறகு தொட்டிலை இரண்டு முறை இடம் மாற்றிக் கட்டினேன்.

அவள் போனது என்னால்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். என் தப்பு அவள் பெயரில் பதிவாகியிருக்கிறது, சார் அவளை நம்புவதை விட்டிருப்பார், அவளாகப் போகும்படி ஆகியிருக்கும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். கோம்பையில் எங்கள் தெரு முனைக்கு வேன் வரும். தினமும் அவளை ஏற்றிவிட்டு, டிரைவர் கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த பஸ்ஸர் கத்துகிறதா என்று காது கொடுப்பேன். குனிந்து படிக்கு அடியில் பார்ப்பேன். சாம்பல் நிறக் கனெக்டர், சீல் இருக்கிறது. நேற்றும் இருந்தது. இருந்தாலும் பார்ப்பேன்.

"என்னக்கா, தெனமும் என் வண்டியக் கும்பிடுறீக? தேங்காயும் ஒடச்சிரலாம்ல" என்றார் டிரைவர் ஒரு நாள். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. என் மகள் மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வாரம் மகள் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடினேன். சில்லுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, டம்ளர் உடைஞ்சிருச்சு" என்றாள்.

"அதுவா உடைஞ்சுச்சு? உடைச்சிட்டேன்னு சொல்லு" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் உதடு பிதுங்கியது. "நான் உடைச்சிட்டேன்" என்றாள்.

அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுச் சில்லுகளைப் பெருக்கினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம்தான் பிடித்தது. இரண்டாம் முறை பெருக்கினேன். மூன்றாம் முறையும்.

மறுநாள் அவள் வேனில் போன பிறகு சாப்பாட்டு மேசை ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். அந்தக் கனெக்டரைத் தேடி எடுத்தேன். குறிப்பு அப்படியே இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது. மாற்றப்பட்டது. அழித்துவிட்டு எழுதினேன்: "கதவு சுவிட்ச். உட்காரும் இடம்: வேனுக்கு வெளியே, படிக்கு அடியில், முகம் உள்பக்கம். சீல் இல்லாததை எடுத்தது நான். பட்டறையில் கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டேன். பதிவில் இருக்கும் பெயருக்கு உரியவர் அன்று லீவில் இருந்தார்." கீழே என் பெயர், முழுப் பெயர்.

இதைப் பயன்படுத்தும் எல்லா வரைபடங்களிலும் மாற்றம் தெரியும், தொடரலாமா என்று மென்பொருள் கேட்டது. சாருக்கும் தகவல் போகும். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். அடுப்பை அணைத்தோமா என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு அமுக்கினேன்.

மத்தியானம் சார் கூப்பிட்டார்.

"என்னம்மா கோம்பை, பழைய குறிப்பை எல்லாம் தோண்டிக்கிட்டு இருக்க போல?"

"சார், அது நான்தான் சார் எடுத்தேன்."

"அதான் தெரியுமேம்மா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு லீவு. லீவுல இருக்குற பிள்ளை எப்படிம்மா எடுக்கும்? ரிஜிஸ்டரைப் பெரட்டுனா தெரியாதா?"

இத்தனை வருடத்தில் ஒவ்வொன்றையும் நான்கு முறை யோசித்த எனக்கு இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

"அப்ப ஏன் சார் நீங்க என்ட்ட கேக்கலை?"

"கேக்கத்தான் கெளம்புனேன். கூடலூரு விடலை. அவளே எழுதுவா சார், கேட்டுக் கெடுத்துறாதீகன்னுச்சு. அவ எழுத மாட்டான்னு நான் சொன்னேன். பிரியாணி பந்தயம். வேலைய விட்டுப் போற வரைக்கும் வாரம் ஒருக்கா அந்தக் கட்டத்தைத் தெறந்து பாக்கும். 'இன்னும் இல்ல சார்'னு வந்து சொல்லும்."

வாரம் ஒருமுறை. நான் தொட்டிலை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

"அது போனது இதனாலயா சார்?"

"எதனால? நல்ல வேலை கெடச்சுச்சு, போயிருச்சு. ஜன்னலோரமா தனி மேசை குடுத்திருக்காகளாம். போன மாசம்கூட பேசுச்சு. நம்பர் அனுப்புறேன், நீயே சொல்லிரு. பிரியாணிய எந்த ஊருல போயி வாங்கிக் குடுக்கிறதுன்னு தெரியலை."

நம்பர் வந்தது. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது? நல்லா இருக்கியா என்று எழுதினேன், அழித்தேன். மன்னிச்சிரு என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் குறிப்புக் கட்டத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. வேன் வருகிற நேரம் ஆகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது போன் அதிர்ந்தது.

"படின்னா எந்தப் பக்கப் படி? டிரைவர் பக்கமும் ஒண்ணு இருக்குல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன். இடது என்று சேர்ப்பதற்காகக் கோப்பை மறுபடியும் திறந்தேன்.